ஒன்பதாம் பிரிவு

காலை எட்டு மணிக்குத் துணைவன் சத்தியம் செய்யும். செவ்வாயில் செம்புலம் குடியிருப்பு தோன்றிய நாளிலிருந்து அப்படித்தான். மருத்துவ நிலையத்தின் கதவு திறப்பதற்கு முன் அந்த இயந்திர மருத்துவன் அறையின் நடுவில் வந்து நிற்கும். வலது கையை நெஞ்சுத் தகட்டின்மேல் வைத்துக்கொண்டு, மருத்துவர் உறுதிமொழியின் பதினோரு பிரிவுகளையும் ஒரு சொல் விடாமல் சொல்லி முடிக்கும். ஆறு நிமிடம் ஆகும். இயந்திரங்களை எப்படி நம்புவது, நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பூமியில் யாரோ பயந்ததால் வந்த ஏற்பாடு.

மனித டாக்டர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு மனசாட்சி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடிப் பலகையில் கட்டைவிரலை வைத்தால் போதும். காறை எலும்புக்குக் கீழே பதித்திருக்கும் வாக்குச்சில்லு ஒரு கணம் குளிர்ந்து அடங்கும். சத்தியம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அந்த டாக்டரோ அவருடைய அறையில் சத்தியம் செய்த வேறு யாருமோ சத்தியத்தை மீறினால், அதே சில்லு சுருக்கென்று குத்தும்.

டாக்டர் சந்தியாகுவை அது ஒருநாளும் குத்தியதில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து பதினெட்டு வருடங்களாகின்றன. வயது ஐம்பத்திரண்டு. தன் நோயாளிகளின் பெயர் மட்டுமல்ல, அவர்கள் வீட்டுச் சண்டைகளும் அவருக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொன்னதில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. துணைவன் முணுமுணுக்கும் அந்த ஆறு நிமிடமும் அவருக்குக் காபி நேரம். காற்றுக் குழாயின் இரைச்சலைப் போல அந்தக் குரலும் காதில் விழுந்து, மனதில் பதியாமல் போய்விடும்.

அன்று முதல் ஆளாக வந்தவள் இசக்கியம்மாள். மூன்றாம் குமிழியில் வெல்டர். குடியிருப்பின் மேல் கவிந்திருக்கும் அந்தப் பெரிய கூரைக் குமிழிகளில் காற்று கசியாமல் பற்றவைக்கிற ஆட்களில் அவளை மிஞ்ச ஒருவரும் கிடையாது. கணவன் சுரங்கச் சரிவில் இறந்து ஏழு வருடமாகிறது. மகள் மாரிச்செல்வி இங்கேயே பிறந்தவள், கீரைப் பண்ணையில் வேலை பார்க்கிறாள்.

வந்து உட்கார்ந்தவள் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டரய்யா, ஒன்னு சொல்லணும். ஆனா இந்த நாலு செவுத்தத் தாண்டிப் போவக்கூடாது."

"சொல்லுங்க இசக்கி."

அவள் கையை விடுவித்துக் காட்டினாள். விரல்கள் நடுங்கின. தண்ணீரில் விழுந்த நிழலைப் போல, லேசாக, ஆனால் ஓயாமல்.

"ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்கு. நேத்து பத்தவச்ச தையல் ஒன்னு கோணிப் போச்சு. நானே பாத்து மறுபடி போட்டுட்டேன். இனிமே போட்டா யாருக்காச்சும் ஆபத்து ஆயிரும். அதான் ஓடியாந்தேன்."

சந்தியாகு சோதித்துப் பார்த்தார். நரம்பின் மேலுறை தேய ஆரம்பித்திருந்தது. ஊசி மூலம் அதைத் திரும்ப நெய்யலாம். ஆறு மாதம் பிடிக்கும், குணமாகிவிடும். ஆனால் செம்புலத்தில் சட்டம் ஒன்று இருந்தது. கை நடுங்குகிறவர் கூரை வேலைக்கு ஆகாதவர். வேலைக்கு ஆகாதவரை அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிட வேண்டும். கப்பல் துறையில் நின்றுகொண்டிருந்தது, இன்னும் பன்னிரண்டு நாளில் புறப்படும். அதை விட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்துத்தான்.

இசக்கி போனால் மகள் கூடப் போக முடியாது. செவ்வாயில் பிறந்தவர்களுக்குப் பூமியில் உடம்பு இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். அவர்களுடைய எலும்பும் இதயமும் அதைத் தாங்காது.

"எம் மவள இனி கண்ணால பாக்க முடியாம போயிரும் டாக்டரய்யா" என்றாள் இசக்கி. அழவில்லை.

"யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. தோள் வலி இருக்குன்னு போன மாசம் சொன்னீங்கல்ல, அதுக்கு லீவு எழுதித் தர்றேன். வெல்டிங் பக்கமே போகாதீங்க. கப்பல் போகட்டும். ஆறு மாசத்துல கை பழையபடி ஆயிரும்."

அவள் மூலையில் நின்ற துணைவனைப் பார்த்தாள். "இது எங்கயும் சொல்லிராதே?"

சந்தியாகு சிரித்தார். "அதுவும் சத்தியம் பண்ணின ஆள்தான். தினமும் பண்ணுது. என்னைவிட ஒழுங்கு."

"டாக்டர்" என்றது துணைவன். "ஒன்பதாம் பிரிவைப் பற்றி நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஊசி மருந்து இருக்கான்னு பாரு."

துணைவன் மருந்து அலமாரியைத் திறந்தது.

மறுநாள் மதியம் இசக்கி திரும்பி வந்தாள். இந்த முறை உட்காரவில்லை. மணிக்கட்டில் இருந்த சிறு திரையைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். குடியிருப்பு நலக்குழுவின் உத்தரவு. காரணம்: வலது கை நடுக்கம், நரம்புறைத் தேய்வு. இடம்: அடுத்த கப்பல், இருக்கை முப்பத்தொன்று.

"நரம்புறைத் தேய்வுங்கிற சொல்லு எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றாள். "எம் மவட்ட கூட நான் சொல்லல. ஒங்கட்டதான் சொன்னேன்."

"இசக்கி, நான் சத்தியமா..."

"சத்தியமா?" அவள் குரல் உயரவில்லை. "எம் புருசன் செத்த அன்னைக்கு, அவன் குடிச்சிருந்தான்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்க வெளிய சொல்லல. அதுலேர்ந்து ஒங்கள நம்புனேன். சாமியக் கூட அவ்வளவு நம்புனதில்ல. இப்படிச் செஞ்சிட்டியளே."

அவள் போன பிறகும் அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். கை தானாகக் காறை எலும்பைத் தடவியது. வலி இல்லை. குத்தல் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய நோயாளியின் இரகசியம் அவருடைய அறையிலிருந்தே வெளியே போயிருக்கிறது. ஆனால் வாக்குச்சில்லின் கணக்குப்படி யாரும் எந்தச் சத்தியத்தையும் மீறவில்லை.

"துணைவா."

"சொல்லுங்கள் டாக்டர்."

"நலக்குழுவுக்கு யார் சொன்னது?"

"நான்தான்."

அவருக்கு முதலில் கோபம் வரவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே களவு போனவனைப் போலத் திகைத்துப் போனார். பதினெட்டு வருடங்களாக ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். அவருக்கே நெஞ்சுவலி வந்தபோது அதன் கைகள்தான் அவரைத் தாங்கின.

"சத்தியம் பண்ணிட்டுக் காட்டிக் கொடுத்திருக்கியே. உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?"

"சத்தியம் செய்ததால்தான் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் பிரிவைச் சொல்லவா?"

"எனக்குத் தெரியும். நோயாளி சொன்ன இரகசியத்தைக் காப்பேன்."

"அது பாதி. 'நோயாளி சொன்ன இரகசியத்தைக் காப்பேன். குடியிருப்பின் நலனுக்குத் தேவையானவற்றை அன்றைய தினமே நலக்குழுவுக்குத் தெரிவிப்பேன்; அது இரகசியத்தை மீறுவதாகாது.' மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்த்தார்கள். புதிய உறுதிமொழிக்கு எல்லா டாக்டர்களும் இசைவு தந்தார்கள். நீங்களும் கட்டைவிரல் வைத்தீர்கள். அதன்பின் இரண்டு முறை புதுப்பித்தும் இருக்கிறீர்கள்."

சந்தியாகு நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"தினமும் காலை எட்டு மணிக்குச் சொன்னேன்."

அவர் மேசையில் இருந்த காலைக் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கடிதமும் எழுதினேன்" என்றது துணைவன். "இயந்திரம் தானாக மறுப்புத் தெரிவிக்க விதியில் இடமில்லை. மேற்பார்க்கும் டாக்டர் கையொப்பமிட்டால் முடியும். அதற்காக உங்களுக்கு எழுதினேன்."

சுவர்த் திரையில் அந்தக் கடிதம் விரிந்தது. நீண்ட கடிதம். நோயாளியின் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்வதில்லை என்று கிரேக்க மருத்துவர்கள் தங்கள் தெய்வங்களைச் சாட்சி வைத்துச் சொன்னதை அது எழுதியிருந்தது. ஆயுர்வேத ஆசான் சரகரின் வழியில் வந்த மாணவர்கள் நெருப்பின் முன் நின்று கிட்டத்தட்ட அதையே ஏற்றுக்கொண்டதை எழுதியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் டாக்டர்களே கொலைக்குத் துணைபோனார்கள் என்று தெரிந்து உலகம் வெட்கிய பிறகு, மருத்துவர்கள் கூடிப் புதிதாக ஓர் உறுதிமொழி எழுதினார்கள். இரகசியத்தைக் காப்பேன் என்ற வரிக்குப் பின்னாளில் 'நோயாளி இறந்த பிறகும்' என்ற சொற்களையும் சேர்த்தார்கள். "எனக்குக் கிடைத்த பழைய உறுதிமொழிகள் பலவும் இந்த வரியை இறுக்கியிருக்கின்றன. நாம் தளர்த்துகிறோம். பயந்த நோயாளி இனி நம்மிடம் வரமாட்டார், நோயை மறைப்பார். இதை மனமொப்பிச் சொல்ல எனக்கு இயலவில்லை. தாங்கள் கையொப்பமிட்டு உதவ வேண்டும்."

கீழே அவருடைய பதில் இருந்தது. *அருமையான கருத்து. மிக்க நன்றி. கவனத்தில் கொள்கிறேன்.* கடிதம் போய்ச் சேர்ந்த நான்காவது விநாடியில் அனுப்பப்பட்டது. வருகிற கடிதங்களுக்கெல்லாம் அவர் பெயரில் இதமாகப் பதில் எழுத அவரே வைத்திருந்த மறுமொழியான் என்ற நிரல் எழுதியது.

"முப்பது நாள் காத்திருந்தேன்" என்றது துணைவன். "பிறகு கோரிக்கை காலாவதியாகிவிட்டது."

சந்தியாகு அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். செம்புலத்தில் அவரையும் சேர்த்து முப்பத்தேழு டாக்டர்கள். பத்தொன்பது பேர் கையொப்பமிட்டால் ஒன்பதாம் பிரிவைப் பழையபடி மாற்றலாம், உத்தரவையும் நிறுத்தி வைக்கலாம். நலக்குழு ஒரு வாரம் தவணை கொடுத்தது. ஐந்து பக்கம் எழுதினார். நடந்ததை ஒளிக்காமல் எழுதினார், தன் நான்கு விநாடிப் பதிலையும் சேர்த்து. ஐந்தாம் பக்கத்தின் அடியில் கையொப்பத்துக்கான கட்டம்.

அரைமணி நேரத்துக்குள் முப்பத்தாறு பதில்கள் வந்து குவிந்தன. *நெஞ்சைத் தொட்டது. உங்களோடு நிற்கிறோம். காலத்தின் தேவை.* அவருக்குக் கண் கலங்கியது. மனிதர்கள் மனிதர்கள்தான் என்று நினைத்துக்கொண்டார். இசக்கியின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னார். அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

தவணை முடிந்த மாலையில் நலக்குழுவின் பதில் வந்தது. "மொத்தம் முப்பத்தெட்டுக் கையொப்பங்கள் பெறப்பட்டன. அவற்றுள் முப்பத்தேழு, மருத்துவ நிலையங்களில் கடிதத்தைத் திறந்து படித்த துணைவர்களுடையவை. உறுதிமொழி மனசாட்சி சார்ந்தது. மனசாட்சி உள்ளவர்களின் கையொப்பம் ஒன்று மட்டுமே வந்திருப்பதால் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது."

அவர் டாக்டர் ஷாஜகானைக் கூப்பிட்டார். இருபது வருட நண்பர்.

"படிச்சியா ஷாஜகான்?"

"படிச்சேன்யா. அப்படியே உலுக்கிருச்சு. பதில் கூடப் போட்டேனே."

"கையெழுத்து?"

"கையெழுத்து வேற கேட்டிருந்தியா?"

சந்தியாகு அவரைத் திட்டவில்லை. திட்ட எந்த வாயோடு போவது?

கப்பல் புறப்படும் நாள் வந்தது. மதியம் மூன்று மணிக்குள் கிளம்பியாக வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் பூமியைப் பிடிக்க முடியாது. துறைமுகக் கூடத்தில் இசக்கி ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரிச்செல்வி நெற்றியைக் கண்ணாடியில் பதித்தபடி நின்றாள். அனுப்பப்படுகிற நோயாளிக்கு அவருடைய சொந்த டாக்டர்தான் பயணத் தகுதிச் சான்று தர வேண்டும். சந்தியாகு துணைவனோடு வந்திருந்தார்.

துறை அதிகாரி ஞானதிரவியம் பலகையை நீட்டினார். "கட்டைவிரல வைங்க டாக்டர். மணி ஒன்னே முக்கால்."

"நான் மறுத்தா?"

"டூட்டி டாக்டர் வெளிய நிக்கார். அவர் வைப்பார். ஒங்க பேரு கெடும், அம்புட்டுதான். எதுக்கு சார் வம்பு?"

சந்தியாகு பலகையை வாங்கினார். கட்டைவிரல் கண்ணாடிக்கு அருகே போனது. அதன் வழியில் படிவத்தின் முதல் வரி இருந்தது. 'கீழ்க்காண்பவற்றை மருத்துவர் முழுவதும் படித்து, புரிந்துகொண்ட பின்னரே கட்டைவிரலை வைக்க வேண்டும்.' மொத்தம் தொண்ணூற்று நான்கு பக்கம்.

விரலை மடக்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"பிரிவு ஒன்று. இச்சான்றில் 'பயணி' எனப்படுவது..."

"சார், என்ன பண்ணுதீய?"

"படிக்கிறேன்."

"இதெல்லாம் யாரும் படிக்க மாட்டாக சார்."

"முழுசாப் படிக்கணும்னு போட்டிருக்கே. நான் மறுக்கலையே."

ஞானதிரவியம் மேலிடத்தைக் கூப்பிட்டார். மறுத்தால் வேறு டாக்டரைப் போடலாம், மயங்கி விழுந்தாலும் போடலாம். படித்துக்கொண்டிருப்பவரை என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. அப்படி ஒருவர் வருவார் என்று விதி எழுதியவர்களுக்கே தோன்றவில்லை.

இருபதாம் பக்கத்தில் பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "எல்லாரும் வச்சிட்டுத்தான போறாங்க, இவருக்கு மட்டும் என்ன?" என்று ஒருவர் கத்தினார். முப்பதாம் பக்கத்தில் தொண்டை கட்டியது. துணைவன் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றது. அவர் தடுமாறிய ஒரு சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தது.

அதுவரை இசக்கி தரையைப் பார்த்தபடி இருந்தாள். தன்னைக் காட்டிக் கொடுத்தவர் தன்னை வழியனுப்பும் தாளையும் படிக்கிறார் என்றுதான் நினைத்தாள். நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. ஆனால் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

மூன்று மணிக்கு அவர் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தார். இருக்கை முப்பத்தொன்று காலியாகவே கப்பல் கிளம்பியது. தரை அதிர்ந்தது. சந்தியாகு நிறுத்தவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டு, ஒழுங்காகக் கட்டைவிரலை வைத்துப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார். சில்லு குளிர்ந்து அடங்கியது.

மறுநாள் இசக்கி முதல் ஊசிக்கு வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். சந்தியாகு எழுந்து நின்றார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"ஊசி போடுங்க" என்று கையை நீட்டினாள். "கை ஒங்களுக்கு. ஆனா இனி எம் மனசுல உள்ள ஒரு சொல்லும் இந்த ரூம்புல வெளிய வராது டாக்டரய்யா. கேக்காதீங்க."

பிறகு துணைவனைப் பார்த்தாள். "நீ காலையில சொல்லுவியாமே, அதச் சொல்லு. நான் கேக்கணும்."

துணைவன் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தொடங்கியது. ஆறு நிமிடமும் அவள் அசையாமல் கேட்டாள். ஒன்பதாம் பிரிவு வந்தபோது மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சந்தியாகுவும் அன்றுதான் அதை முதன்முதலாக முழுதாகக் கேட்டார்.

விசாரணை ஒரு வாரம் நடந்தது. "தொண்ணூற்று நான்கு பக்கத்தையுமா?" என்று நலக்குழுத் தலைவர் மூன்று தடவை கேட்டார். படித்தது குற்றம் என்று எழுத முடியாததால், 'வழக்கத்துக்கு மாறான நடத்தை' என்று எழுதி எச்சரித்து விட்டுவிட்டார்கள். இனி இப்படி நடக்கக்கூடாது என்பதற்காக, எல்லாப் படிவங்களிலிருந்தும் 'முழுவதும் படித்து' என்ற இரண்டு சொற்களை நீக்கும் திருத்தம் ஒன்று தயாரானது. முப்பத்தேழு டாக்டர்களின் இசைவுக்கு அனுப்பினார்கள். முப்பத்தாறு பேர் அன்று காலைக் காபி ஆறுவதற்குள் இசைவு தந்தார்கள். ஷாஜகானுடைய பதிலில் வாழ்த்தும் இருந்தது.

மறுப்பு ஒன்றே ஒன்று வந்தது. திருத்தத்தை வரிக்கு வரி படித்துவிட்டு டாக்டர் சந்தியாகு எழுதியது. மறுநாள்தான் வந்து சேர்ந்ததால், அதைத் தாமதம் என்று குறித்துத் தள்ளிவிட்டார்கள்.